குழாய்க்குக் காவல், குடிசைக்கு?

இரத்தினம்! எவ்வளவு அழகான பெயர்!

பர்மிய மொழியில் அதனை ‘யடானா’ என்பர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் இரத்தினம் என்னும் பெயருக்கு உடன்பிறந்த சொல் அது. பாலி மொழியின் வழியே பர்மாவுக்குச் சென்ற சொல். அந்தமான் கடலின் அடியிலே, பர்மாவின் தென்கரைக்கு அப்பாலே, இயற்கை எரிவாயு தேங்கிக் கிடந்த களத்துக்கு அந்தப் பெயரை இட்டனர். பொருத்தமான பெயர்தான்! இரத்தினம் என்றைக்குத் தோண்டியவன் விரலில் மின்னியது? தோண்டச் சொன்னவன் விரலில்தானே மின்னியது!

தோழர்களே! எண்ணெய்க் கம்பெனிகளும் எரிவாயுக் கம்பெனிகளும் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகின்றன. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், தலைக்கவசம் அணிந்த தொழிலாளியின் புன்னகை! அதிலே தவறாமல் ஒரு பகுதி இருக்கும், ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பிலே. பத்து இலட்சம் வேலைமணி நேரத்துக்கு எத்தனை பேர் காயமுற்றனர், சென்ற ஆண்டைவிட எத்தனை குறைவு என்று கணக்குக் காட்டுவர். அந்தக் கணக்கே வேண்டாம் என்று நான் கூறவில்லை. குழாய் வெடித்தால் முதலில் மாள்பவன் தொழிலாளி. வெடிக்காமல் காப்பது கடமை. ஆனால், அந்த ஏட்டில் ஏறாத காயங்கள் உண்டு. அந்த ஏட்டில் எழுதப்படாத பிணங்கள் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேச விழைகிறேன்.

1988-ஆம் ஆண்டில் பர்மிய மாணவர்களும் மக்களும் மக்களாட்சி கேட்டு வீதிக்கு வந்தனர். கேட்டவர்களுக்குப் பட்டாளம் குண்டுகளால் விடையளித்தது. 1990-இல் தேர்தல் நடந்தது. ஆங் சான் சூ கியின் கட்சி 485 இடங்களில் 392 இடங்களை வென்றது. வென்றவர்கள் சிறையிலே, தோற்றவர்கள் அரியணையிலே! 1991-இல் அந்த அம்மையாருக்கு நோபெல் பரிசு வழங்கி உலகம் பாராட்டியது. மறு ஆண்டே, 1992-இல், அவர் வீட்டுக் காவலில் அடைபட்டிருந்த வேளையிலே, பிரான்சு நாட்டு டோட்டல் கம்பெனி அந்த இராணுவ ஆட்சியோடு எரிவாயு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் யுனோகால் கம்பெனியும் பங்காளியாகச் சேர்ந்தது.

பங்கு பிரித்த கணக்கைப் பாருங்கள். டோட்டலுக்கு 31.24 விழுக்காடு. யுனோகாலுக்கு 28.26. தாய்லாந்தின் பி.டி.டி.இ.பி. நிறுவனத்துக்கு 25.5. பர்மிய அரசின் எண்ணெய் எரிவாயுக் கழகத்துக்கு 15. கூட்டினால் சரியாக நூறு வருகிறது. பர்மிய மக்களுக்கு? நூறில் எதுவும் மிச்சமில்லையே!

கடலடியில் 346 கிலோமீட்டர், தரையில் 63 கிலோமீட்டர் எனக் குழாய் பதிக்கப்பட்டது. தாய்லாந்து எல்லையைத் தாண்டி, இராட்சபுரி மின்நிலையத்தின் உலைக்கு வாயு செல்ல வேண்டும் என்பது திட்டம். 1998-இல் வாயு பாயத் தொடங்கியது. கடலடியில் கிடக்கும் 346 கிலோமீட்டரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தரைமேல் செல்லும் அந்த 63 கிலோமீட்டரிலேதான் கண்ணீர் இருக்கிறது.

அது தெனாசரிம் பகுதி. காடும் மலையும் சூழ்ந்த நிலம். கரேன் மக்களும் மோன் மக்களும் டாவோய் மக்களும் வாழும் நிலம். 1949 முதல் கரேன் படையினர் நடுவண் அரசை எதிர்த்துப் போராடிவந்த நிலம். அந்த நிலத்தை ஊடறுத்துக் குழாய் செல்ல வேண்டுமானால் அதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்றனர்.

பாதுகாப்பு! இந்தச் சொல்லிலே சற்று நில்லுங்கள். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. விபத்திலிருந்து காப்பதற்கு ஒன்று. பகைவனிடமிருந்து காப்பதற்கு மற்றொன்று. நம் தமிழிலே இரண்டுக்கும் ஒரே சொல். கம்பெனி தன் ஏட்டில் இரண்டையும் தனித்தனியே பிரித்து எழுதிக்கொண்டது. முதற் பாதுகாப்பைத் தன் பொறியாளர்களிடம் ஒப்படைத்தது; அதன் கணக்கைப் பெருமையோடு வெளியிட்டது. இரண்டாம் பாதுகாப்பைப் பர்மியப் பட்டாளத்திடம் ஒப்படைத்தது. அதன் கணக்கைக் கேட்டால், ‘அது எங்கள் பொறுப்பன்று’ என்றது. கம்பெனி பிரித்துவைத்ததைத் தமிழ் சேர்த்துவைத்திருக்கிறது. தமிழின் கணக்குத்தான் சரியான கணக்கு என்பதை நடந்தவை காட்டும்.

அச்சம் முற்றிலும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். 1995 மார்ச்சில் குழாய்ப் பாதையை அளக்கச் சென்ற குழுவின் மீது தாக்குதல் நடந்தது, ஐவர் உயிரிழந்தனர். அந்த ஐவரும் வயிற்றுப்பாட்டுக்காக வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் சாவையும் நாம் துயரத்தோடுதான் நினைக்கிறோம். ஆனால், ஐவரைக் காக்கத் தவறியதற்கு விடையாக என்ன செய்தனர்? ஊர்களைக் காக்கவில்லை, ஊர்களின் மீது பட்டாளத்தை ஏவிவிட்டனர்.

பட்டாளம் வந்தது. வந்த பட்டாளத்துக்கு முகாம் வேண்டும். யார் கட்டுவது? கிராமத்தான். பாதை வேண்டும். யார் வெட்டுவது? கிராமத்தான். ஹெலிகாப்டர் இறங்கத் தளம் வேண்டும். யார் சமன் செய்வது? கிராமத்தான். துப்பாக்கிக் குண்டும் அரிசி மூட்டையும் மலை ஏற வேண்டும். எவன் முதுகில்? கிராமத்தான் முதுகில்! கூலி உண்டா? இல்லை. மறுக்க உரிமை உண்டா? இல்லை. வீட்டுக்கு ஒருவன் வர வேண்டும். கணவன் ஓடிவிட்டால் மனைவி வர வேண்டும்.

கூலியில்லாமல் கட்டாயப்படுத்தி வாங்கும் உழைப்புக்கு நம் முன்னோர் ஒரு பெயர் வைத்திருந்தனர்: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளிலே அந்தச் சொல்லைக் காணலாம். ஊரார் தலையில் விழுந்த சுமைகளில் அதுவும் ஒன்று. இன்று பயனற்ற வேலையை ‘வெட்டி வேலை’ என்கிறோம். அந்தச் சொல்லுக்குள்ளே எத்தனை முதுகுகளின் வடு இருக்கிறது என்பதை மறந்துவிட்டோம். மன்னர் காலத்து வெட்டி, 20-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, பன்னாட்டுக் கம்பெனியின் குழாய் ஓரத்திலே உயிர்த்தெழுந்து நின்றது!

பர்மிய அரசு கட்டாய உழைப்பை ஒழிப்பதாக உறுதிகொடுத்த அரசு. 1930-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையை 1955-இல் ஏற்றுக் கையொப்பமிட்ட அரசு. ஆயினும், 1998-இல் உலகத் தொழிலாளர் நிறுவனம் அமைத்த விசாரணைக் குழு, அந்நாட்டில் கட்டாய உழைப்பு பரவலாகவும் முறைப்படியும் நடைபெறுகிறது என்று அறிவித்தது.

இக்கொடுமையை உலகுக்குச் சொன்னவர்களில் கரேன் இளைஞர் ஒருவர் உண்டு. கா சா வா என்பது அவர் ஏற்றுக்கொண்ட பெயர். 1988 கிளர்ச்சியிலே மாணவராகப் பங்கேற்றுப் பிடிபட்டு, வதைபட்டுக் காட்டுக்குத் தப்பியவர். துப்பாக்கி ஏந்தியவர்களின் நடுவே அவர் ஏந்தியது ஏடும் எழுதுகோலும். ஊர் ஊராய் நடந்து, ஓடி ஒளிந்திருந்தவர்களின் வாக்குமூலங்களைத் தொகுத்தார். அமெரிக்காவில் சட்டம் பயின்ற இருவரோடு சேர்ந்து 1995-இல் எர்த்ரைட்ஸ் என்னும் அமைப்பை நிறுவினார். 1996-இல் அந்த ஊர் மக்கள் சார்பிலே, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலே, யுனோகால் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது.

வழக்காடியவர்களின் உண்மைப் பெயர் வெளியிடப்படவில்லை. தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே, நாம் ‘இன்னான், இன்னாள்’ என்பதுபோல, ‘ஜான் டோ, ஜேன் டோ’ என்று எழுதினர். அவர்களிலே ஒரு தாய். அவள் கணவன் கட்டாய வேலையிலிருந்து தப்பி ஓட முயன்றான். அவனைக் குறிவைத்துச் சுட்டனர். பிறகு, பழிதீர்க்க வந்த படைவீரர், அவளையும் அவள் கைக்குழந்தையையும் நெருப்பிலே தள்ளினர். தாய் காயத்தோடு பிழைத்தாள். குழந்தை மாண்டது. இது நாடகத்துக்காக நான் புனைந்த காட்சியன்று. வழக்கு மன்றத்தில் அவள் அளித்த வாக்குமூலம்.

இந்தக் குழந்தையின் சாவு எந்தக் கம்பெனியின் பாதுகாப்பு ஏட்டில் ஏறியது? அவள் கணவன் உழைத்த மணி நேரம் எந்தப் பத்து இலட்சத்தில் சேர்ந்தது? அப்படி ஒருவனைப் பிடித்து வந்து வேலை வாங்கியதற்கே தாங்கள் பொறுப்பில்லை என்று வாதாடியவர்கள், அவன் காயத்தை எந்தப் பத்தியில் எழுதியிருப்பார்கள்?

‘கம்பெனிக்கு இதெல்லாம் தெரியாமல் நடந்திருக்கலாமே’ என்று கேட்கும் நல்ல உள்ளம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அந்த நல்ல உள்ளத்துக்கு வழக்கு மன்றப் பதிவுகளே விடை கூறும். 1995 சனவரியிலேயே, யுனோகாலின் தலைவர் ஜான் இம்லே, மனித உரிமை அமைப்பினரைச் சந்தித்தபோது, குழாய்க்கு அச்சுறுத்தல் வந்தால் மேலும் பட்டாளம் வரும், பட்டாளத்தோடு கட்டாய உழைப்பும் கைகோத்து வருமானால் அதுவும் மிகும் என்ற கருத்தில் பேசியிருக்கிறார். அதே ஆண்டு, இரங்கூனில் அமெரிக்கத் தூதரகத்தின் இராணுவ அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கம்பெனியே ஆலோசகராக அமர்த்தியது. அவரும், தென்பர்மாவில் கொடிய மனித உரிமை மீறல்கள் நடக்கின்றன என்றே எழுதினார். எங்கே காவல் வேண்டும், எங்கே ஹெலிகாப்டர் தளம் வேண்டும் என்பதைப் படமும் வரைபடமும் காட்டிப் பட்டாளத்துக்கு விளக்கினர் என்பதற்கும் சான்று வந்தது.

தீர்ப்பு என்ன ஆயிற்று? 2000-ஆம் ஆண்டில் கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. கட்டாய உழைப்பு நடந்ததற்குச் சான்று உண்டு. கம்பெனிக்கு அது தெரியும் என்பதற்கும் சான்று உண்டு. கம்பெனி அதனால் பயன்பெற்றது என்பதற்கும் சான்று உண்டு. ஆனால், பட்டாளம் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இல்லையாதலால் கம்பெனி பொறுப்பாகாது! நாடகம் எழுதிப் பழகியவன் நான். அந்தத் தீர்ப்பின் சாரத்தை மேடையேற்றினால் இப்படித்தான் இருக்கும்:

நீதி: கிராமத்தானை அடித்தது யார்?

கம்பெனி: காவற்காரன்.

நீதி: காவற்காரன் யாருடைய குழாயைக் காத்தான்?

கம்பெனி: என் குழாயை.

நீதி: அவன் அடிப்பான் என்பது உனக்குத் தெரியுமா?

கம்பெனி: தெரியும்.

நீதி: அடித்து வெட்டுவித்த பாதையில் நீ நடந்தாயா?

கம்பெனி: நடந்தேன்.

நீதி: பின்னும் குற்றமற்றவன் என்கிறாயா?

கம்பெனி: ஆம். கோல் என் கையில் இல்லையே!

சிரிக்கிறீர்கள். நெருப்பில் விழுந்த தாய் சிரிக்கவில்லை. மேல்முறையீடு சென்றது. 2002-இல் மேல்முறையீட்டு மன்றம் வழக்கை உயிர்ப்பித்தது. குற்றத்துக்கு நடைமுறையில் உதவியும் ஊக்கமும் அளித்தவனும் பொறுப்பாளியாகலாம், ஆகவே விசாரணை நடக்கட்டும் என்றது. அதற்கு ஆதாரமாய் நின்ற சட்டம் எது தெரியுமா? 1789-ஆம் ஆண்டின் சட்டம். கடற்கொள்ளையர் அட்டூழியம் நடந்த காலத்துச் சட்டம்! கடலடி இரத்தினத்தை எடுக்க வந்தவர்களைக் கடற்கொள்ளைக் காலத்துச் சட்டம் வந்து பிடித்தது. வரலாறும் சில வேளைகளில் நல்ல நாடக ஆசிரியன்தான்!

ஆனால், கடைசிக் காட்சி மேடையேறவில்லை. அந்தத் தீர்ப்பை மேலும் பல நீதிபதிகள் கொண்ட ஆயம் மறு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. ஆயம் முடிவு கூறுமுன், 2004 டிசம்பரில் சமரசம் அறிவிக்கப்பட்டது. ஊராருக்கு ஈட்டுத்தொகை உண்டு. எவ்வளவு என்பது மட்டும் வெளியே சொல்லப்படவில்லை. 2005-இல் டோட்டலும் பிரான்சு நாட்டில் 52 இலட்சம் யூரோ நிதி அளிக்க இசைந்து, தன்மீதிருந்த குற்றச்சாட்டை ஏற்காமலே சமரசம் செய்துகொண்டது. பணம் தரப்பட்டது, தீர்ப்புத் தரப்படவில்லை. அந்த 2005-ஆம் ஆண்டிலேயே செவ்ரான் யுனோகாலை விலைக்கு வாங்கியது. பெயர்ப்பலகை மாறிற்று, பங்கு மாறவில்லை.

கம்பெனியின் பக்கத்து வாதங்களையும் கேட்போம். கேளாமல் தீர்ப்பளிப்பது நம் மரபன்று.

‘பள்ளிக்கூடம் கட்டினோம், மருத்துவமனை கட்டினோம், எங்கள் கூலியாட்களுக்குக் கூலி கொடுத்தோம்’ என்கின்றனர். கட்டினர், உண்மை. 2003-இல் டோட்டல் பணம் கொடுத்துப் பெற்ற அறிக்கையிலே பெர்னார் குஷ்னேர், கம்பெனி கட்டாய உழைப்பைப் பயன்படுத்தவில்லை என்றும் எழுதினார். அவர் பின்னாளில் பிரான்சின் வெளியுறவு அமைச்சரானவர். நான் கேட்பது ஒன்றே: பள்ளிக்கூடத்துக்கு நன்றி சொல்லும் ஊரான், பட்டாளத்தைப் பற்றிப் புகார் சொல்ல முடிந்ததா? புகார் சொல்ல முடியாத ஊரிலே கிடைக்கும் நன்றிக்கு என்ன விலை?

‘நாங்கள் போனால் வேறொருவன் வருவான்’ என்கின்றனர். வருவான், மெய்தான். திருட்டுப் பொருளை நான் வாங்காவிட்டால் அடுத்த கடைக்காரன் வாங்குவான் என்று சொன்னவனை எந்த ஊர்ப் பஞ்சாயத்து விடுதலை செய்தது?

‘அடித்தவன் பட்டாளத்தான், நாங்கள் வணிகர்’ என்கின்றனர். இதற்கு விடை 1948-லேயே கிடைத்துவிட்டது. நியூரம்பர்க் நகரிலே குருப், ஐ.ஜி. ஃபார்பென் ஆகிய ஜெர்மானிய நிறுவனங்களின் தலைவர்கள் கூண்டில் நின்றனர். அடிமை உழைப்பைப் பயன்படுத்தியதற்காக அவர்களில் பலர் தண்டனை பெற்றனர். அடிமைகளைப் பிடித்துத் தந்தது நாஜி அரசு, பயன்படுத்தியது தொழிற்சாலை. ‘கோல் என் கையில் இல்லை’ என்ற வாதம் அன்றே செத்த வாதம்.

அந்தத் தெனாசரிம் மலைகளைப் பற்றித் தமிழனுக்குத் தனியே சொல்லவும் வேண்டுமா? குழாய் செல்லும் பாதைக்குச் சற்று வடக்கே, மூன்று பகோடாக் கணவாயின் வழியே, 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியப் படை 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டது. சயாம் மரண இரயில்! மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அந்தக் காட்டிலே மடிந்தனர். காலராவால் செத்தனர், பசியால் செத்தனர், அடியால் செத்தனர். ஒரு தண்டவாளக் கட்டைக்கு ஓர் உயிர் என்று சொல்லும் வழக்கே பிறந்தது. அரை நூற்றாண்டு கழித்து அதே மலைகளிலே மீண்டும் கட்டாய உழைப்பு நடந்தது. அன்று இழந்தவன் நம் இனத்தான் என்பதால் மட்டும் அழுது, இன்று இழந்தவன் கரேன் என்பதால் வாளாவிருப்போமானால், அன்று அழுத அழுகையும் பொய்யழுகையாகிவிடும்.

இது பழங்கதை என்று எண்ணாதீர்கள். 2021 பிப்ரவரி 1-ஆம் நாள் பர்மியப் பட்டாளம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. அதுவரை அதற்கு மிகப்பெரிய அந்நியச் செலாவணி ஊற்றுகளில் ஒன்றாயிருந்தது இயற்கை எரிவாயு. குழாயை நடத்திய நிறுவனம் பதிவாகியிருந்ததோ தொலைதூரப் பெர்முடாத் தீவிலே! மக்கள் வீதியில் சுடப்பட்டபின், 2021 மே மாதத்தில் அந்தக் குழாய் நிறுவனத்தின் இலாபப் பங்கீடு நிறுத்தப்பட்டது. 2022 சனவரி 21-ஆம் நாள் டோட்டலும் செவ்ரானும் பர்மாவை விட்டு வெளியேறுவதாக ஒரே நாளில் அறிவித்தன. டோட்டல் அவ்வாண்டு சூலையிலும், செவ்ரான் 2024 ஏப்ரலிலும் வெளியேறின. வெளியேறியதை வரவேற்போம். ஆனால், 1992-இல் தெரியாத உண்மை எது 2022-இல் தெரிந்தது? முப்பது ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை வளர்ந்து, பட்டாளத்தை எதிர்த்து வீதிக்கு வரும் வயதாகிவிட்டதே!

பர்மாவோடு முடிந்த கதையுமன்று இது. ஆப்பிரிக்காவிலே, மொசாம்பிக் நாட்டின் வடகோடியிலே, காபோ டெல்காடோ என்றொரு மாநிலம். அங்கே அஃபுங்கி முனையிலே அதே டோட்டல் தலைமையில் 2000 கோடி டாலர் அளவிலான எரிவாயுத் திட்டம். 2021 மார்ச்சில் கிளர்ச்சிப் படையினர் அருகிலிருந்த பால்மா நகரத்தைத் தாக்கினர், பலர் கொல்லப்பட்டனர். திட்டம் நிறுத்தப்பட்டது. உயிர்பிழைத்தவர்களும் இறந்தவர்களின் உறவினர்களும், ஒப்பந்தத் தொழிலாளரைக் காக்கக் கம்பெனி தவறியது என்று 2023-இல் பிரான்சு நாட்டில் புகார் கொடுத்தனர். கம்பெனி மறுத்தது, 2025-இல் அந்நாட்டு வழக்குத் துறை விசாரணை தொடங்கியது. குற்றம் உண்டா இல்லையா என்பதை விசாரணை சொல்லட்டும். ஆனால், காட்சியமைப்பைக் கவனியுங்கள்: வேலிக்குள்ளே திட்டம், வேலிக்கு வெளியே ஊர். வேலி எவ்வளவு உயரம் என்பதற்குக் கணக்கு உண்டு. ஊரிலே எத்தனை பேர் என்பதற்கு அறிக்கையில் இடமில்லை.

ஆகவே, தோழர்களே, எந்த நாட்டில் எந்தக் கம்பெனி தன் பாதுகாப்புப் பெருமையை விரித்துரைத்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள், கேட்கக் கற்பியுங்கள்.

குழாயைக் காப்பவன் யார்? அவன் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

அவனுக்குச் சோறும் பாதையும் முகாமும் யாருடைய உழைப்பில் கிடைத்தன? அந்த உழைப்புக்குக் கூலி கொடுத்த சீட்டு எங்கே?

வாயு விற்ற பணம் எந்தக் கருவூலத்துக்குச் செல்கிறது? அந்தக் கருவூலத்தின் சாவி மக்கள் கையிலா, பட்டாளத்தின் கச்சையிலா?

கெடுதி நேர்ந்தால் ஊரான் ஏறி முறையிட எந்த நீதிமன்றத்தின் படி திறந்திருக்கிறது?

இந்த நான்குக்கும் நேர்மையான விடை வராதவரை, ‘இத்தனை நாள் விபத்தில்லை’ என்ற பலகை வெறும் பலகைதான். குழாய் வெடிக்கவில்லை, உண்மை. குடிசை எரிந்ததே! வாயு கசியவில்லை, உண்மை. இரத்தம் கசிந்ததே!

பெயரைக்கூடச் சொல்ல முடியாத அந்தத் தாய், உலகின் பெரிய கம்பெனியொன்றைக் கூண்டின் விளிம்புவரை இழுத்துவந்தாள். அவளிடம் படையில்லை, பணமில்லை, பத்திரிகையில்லை. இருந்தது உண்மை ஒன்றே. ‘எனக்குத் தெரியும், ஆனால் என் கையில் இல்லை’ என்று எந்த அதிகாரியும் எந்த முதலாளியும் இனி எளிதில் சொல்லிவிட முடியாதபடி அவள் வழக்கு வழிமறித்து நிற்கிறது. நிறைவு பெறாத தீர்ப்பு அது. நிறைவு செய்யும் கடமை நீதிமன்றங்களுக்கு மட்டும் உரியதன்று. கேள்வி கேட்கத் துணிந்த ஒவ்வொருவருக்கும் உரியது.